நீலக் கம்பி கட்டிய சல்லடை

பதினோரு வருஷமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அடுத்தவர் பேச்சைக் கேட்பதுதான் என் பிழைப்பு. வடக்கிலிருந்து தப்பி வந்தேன் என்று யார் வந்து நின்றாலும் சியோலில் உடனே நம்பிவிட மாட்டார்கள். நிஜமாகவே தப்பி வந்தவரா, வேவு பார்க்க அனுப்பப்பட்டவரா என்று வாரக்கணக்கில் குடைவார்கள். வந்தவர் ஹேசான் ஊர் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள், நானும் அந்த ஊர்க்காரி. அவர் கண்ணுக்கு நான் தெரிய மாட்டேன். சொல்வதைக் கேட்டு, சரி அல்லது தப்பு என்று தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் ஊர்ப் புத்தகம் என்று ஒன்று உண்டு. எந்தத் தெருவில் கிணறு எங்கே, எந்த வீட்டில் யார், எல்லாம் அதில் இருக்கும். எங்கள் தெருவைப் பற்றி அதில் உள்ளது மொத்தமும் பதினாலு வருஷத்துக்கு முன்னால் நான் வந்து சொன்னது. அப்புறம் அந்தத் தெருவிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. இந்த மார்ச்சில்தான் ஒருத்தி வந்தாள்.

பெயர் சோங் யோன்-சில், நாற்பது வயதிருக்கும். ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து, சீனா வழியாகச் சுற்றி வந்திருக்கிறாள். குழந்தை கோடி அறையில் படம் வரைந்துகொண்டிருந்தது. அவள் பெயர் தெரிந்த பெயர்தான், ஆனால் முகத்தைப் பார்த்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. பதினாலு வருஷத்துப் பசி யாரைத்தான் விட்டுவைக்கும்? விசாரித்தவர் பியோ. என் மகன் வயசு, என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் டக் டக்கென்று பதில் சொன்னாள். கிணறு சரி, உடைந்த பம்பு சரி, மழைக்கு இடிந்த சுவர் சரி. நானும் சரி, சரி என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

அடுத்து, பதினாலு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெருவுக்குக் குழுத் தலைவி யார் என்று கேட்டார். எங்கள் ஊரில் முப்பது வீட்டுக்கு ஒரு பெண்ணைத் தலைவியாகப் போடுவார்கள். யார் வந்தார், யார் தங்கினார், யார் வீட்டில் என்ன சத்தம் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுப்பது அவள் வேலை.

"ரி குவாங்-ஓக்" என்றாள்.

அது என் பெயர். இங்கே வந்ததும், ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஆபத்து வரக்கூடாதென்று எல்லாரையும்போல் நானும் பெயரை மாற்றிக்கொண்டேன். ஆனால் ஊர்ப் புத்தகத்தில் தலைவி என்று இருப்பது சே போக்-சில் என்ற பெயர். செத்துப்போன பக்கத்து வீட்டுக்காரி, பாவம், அவள் தலையில் கட்டியது நான்தான். தலைவியாக இருந்தேன் என்று சொல்லியிருந்தால் என்னையும் வேவுக்காரி என்று உள்ளே போட்டிருப்பார்கள். பயந்து போய்ச் சொன்ன பொய் அது.

பியோ என் பக்கம் வந்தார். முகத்தில் திருப்தி.

"மாட்டிக்கிட்டாங்க பாத்தீங்களாம்மா. மத்ததெல்லாம் மனப்பாடம், இதுல கோட்டை விட்டுட்டாங்க."

இனி வழக்கு, சிறை. குழந்தை விடுதிக்குப் போகும். இவள் உண்மையானவளா, இல்லை நான் இங்கே இருப்பது தெரிந்து வடக்கில் இருப்பவர்கள் என் பெயரைச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்களா? அதுவும் இல்லையென்றால், என்னைச் சோதிக்க இந்த அலுவலகமே நடத்துகிற நாடகமா? எந்தப் பக்கம் யோசித்தாலும் பிடி கிடைக்கவில்லை. அந்தத் தலைவி எப்படிப்பட்டவள் என்று கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

கேட்டார். அவள் முகமே மலர்ந்துபோயிற்று.

"தங்கமான மனுஷி சார். ஒருநாள் சாயங்காலம் வந்து, சல்லடை இருக்கான்னு கேட்டாங்க. எங்க வீட்டுல மாவுன்னு ஒண்ணைப் பாத்தே மாசமாச்சு, அது அவங்களுக்கும் தெரியும். மாவில்லாத வீட்டுல வந்து எதுக்கு சார் சல்லடை கேக்கணும்? எங்க தெருவுல எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. வீட்டைச் சல்லடை போட்டுத் தேட வர்றாங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. திருட்டுத்தனமா தெற்குச் செய்தி கேக்குற ரேடியோ, மாட்டினா உயிர் போயிடும்; அதைக் கொண்டுபோய் கிம்ச்சி ஊறுகா ஜாடிக்குள்ள போட்டுப் புதைச்சிட்டேன். அன்னிக்கே சோதனை வந்துச்சு. வீட்டைத் தலைகீழாக்கினாங்க, ஒண்ணும் கிடைக்கல. என் வீட்டுக்காரர் உயிர் அவங்க போட்ட பிச்சை."

அடக் கடவுளே. அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் சல்லடை கிழிந்திருந்தது, கையில் மக்காச்சோள மாவு இருந்தது, கடன் கேட்கப் போனேன். அன்றைக்குச் சோதனை வரும் என்பதும் எனக்குத் தெரியும். ஏன் தெரியாது? அந்த வீட்டில் ரேடியோ சத்தம் கேட்கிறது என்று எழுதிக் கொடுத்தவளே நான்தானே. பின்னே எதற்கு அங்கே போனேன்? வேறு வீடா கிடைக்கவில்லை? மனசு கேட்காமல் போனேனா, ரேடியோ இருக்கிறதா என்று நோட்டம் பார்க்கப் போனேனா, வெறும் மாவு சலிக்கத்தான் போனேனா? சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

தாளில் ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன்: சல்லடையின் விளிம்பில் என்ன இருந்தது? பியோ இதென்ன கேள்வி என்பதுபோல் கண்ணாடிப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

"விளிம்பு விட்டுப்போயி, நீலக் கலர் டெலிபோன் கம்பி சுத்தியிருந்தேன்" என்றவள் சிரித்துவிட்டாள். "அத அவங்க திருப்பியே தரல சார்."

தரவில்லைதான். நான் ஊரை விட்டுக் கிளம்பும் வரை அது என் அடுப்படி ஆணியில் தொங்கியது. எந்த வேவுப் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்.

தாளில் 'சரி' என்று எழுதிக் கொடுத்தேன். பியோ வந்து, புத்தகத்தில் வேறு பெயர் இருக்கிறதே என்றார். புத்தகம் தப்பு என்றேன். அதெப்படி உங்களுக்குத் தெரியும் என்றார். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. இந்த வேலை, அரசாங்கம் கொடுத்த வீடு, பதினாலு வருஷத்து நிம்மதி எல்லாம் கண் முன்னால் வந்து போயின. கோடி அறையில் அந்தக் குழந்தை நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"குவாங்-ஓக் நான்தான் சார். அன்னிக்குப் பயத்துல பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

மறுநாளே கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் நான். பியோ இப்போது என்னை அம்மா என்று கூப்பிடுவதில்லை. எச்சரிக்கப் போனீர்களா, சல்லடை வாங்கப் போனீர்களா என்று மூன்று வாரம் மாற்றி மாற்றிக் கேட்டார். தெரியாது என்றேன். தெரியாது என்பதை அறிக்கையில் எழுத முடியாதாம். புகார் எழுதியது நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். அதைக் குறித்துக்கொண்டார்.

யோன்-சில்லை விடுவித்த அன்று, நான் இங்கே இருப்பதைக் கேள்விப்பட்டு, என்னைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அவள் அடம்பிடித்தாளாம். மகளோடு உள்ளே வந்தாள். புகார் விஷயம் இவளுக்குச் சொல்லியாயிற்றா என்று கண்ணாலேயே பியோவைக் கேட்டேன். அவர் இல்லை என்று தலையசைத்துவிட்டு, அதை நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் சும்மா நின்றார். "இவங்கதான்டி உங்கப்பாவைக் காப்பாத்தினவங்க" என்று மகளிடம் சொன்னாள் யோன்-சில். குழந்தை மண்டியிட்டு, நெற்றி தரையில் பட என்னைக் கும்பிட்டது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பாதிதான் வந்தது.

"யோன்-சில், நான் அன்னிக்குச் சல்லடைக்குத்தான் வந்தேன். வேற ஒண்ணுக்கும் இல்ல."

அவள் பியோவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு.

"புரியுது அக்கா" என்றாள். "இப்பவும் வாய்விட்டுச் சொல்ல மாட்டீங்க."