சம்பந்தியம்மாவின் முத்திரை

மகள் இன்னாவின் கல்யாணத்துக்காக ரிம்மா அந்தக் கிராமத்துக்கு வந்து இறங்குவதற்கு முன்பே, சம்பந்தி ஜகார் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். "நம்ம சம்பந்தியம்மா கிட்டார் ஃபாக்டரியில பெரிய அதிகாரி."

ரிம்மா அதிகாரி இல்லை. உரால் மலைப் பக்கம், அலமாரிகளோடு மின்கிட்டாரும் செய்கிற தொழிற்சாலையில் பரிசோதகர். சரியாக இருக்கும் கிட்டாரின் முதுகில் தன் எண்ணுள்ள முத்திரையைக் குத்துவாள். மாதக் கடைசியில் இலக்கு எட்டவில்லையென்றால், சரியில்லாததன் முதுகிலும் குத்துவாள்.

விருந்து கூட்டுப்பண்ணையின் மன்றத்தில் நடந்தது. மேடையில் ஒரு முரசு, ஒரு அக்கார்டியன், கொம்பு முளைத்தது போன்ற ஒரு சிவப்புக் கிட்டார். தூரத்திலேயே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதில் வரிசையாக இருந்த விசைகளில் பாதி எதற்கும் உதவாதவை.

வாசித்தவன் ரொதியோன், ஊராருக்கு ரோத்யா, பால் வண்டி ஓட்டுபவன். விரல் நுனிகளில் பிளாஸ்திரி சுற்றியிருந்தான். மேலே போகப் போக சுருதி விலகியது. முன்வரிசையில் ஒருவர் கத்தினார்: "டேய் ரோத்யா, பால் வண்டி ஓட்டுற மாதிரியே வாசிக்கிறியே. ஒரு பள்ளம் விடாம விழுற." கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

இடைவேளையில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நேராக ரிம்மாவிடம் வந்தான்.

"அம்மா, ஒரு சந்தேகம். இதை எப்படிப் பிடிக்கணும்? எவ்வளவு அழுத்தினாலும் சுருதி சேரமாட்டேங்குது. என் கையிலதான் கோளாறுன்னு நினைக்கிறேன். எங்கப்பா விட்டுத் தொலைன்னு சொல்றாரு."

ரிம்மா வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தது. ஈரம் காயாத மரம். தந்திகளுக்கு அடியில் விரலை விட்டு எடுக்கலாம், அவ்வளவு இடைவெளி. திருப்பினாள். முதுகில் அவளுடைய எண்.

"பழகப் பழக வரும் தம்பி," என்றாள்.

அதற்குள் ஜகார் அவளை மேடைக்கு அழைத்துக் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டார். ஏதாவது பேச வேண்டும். "எங்க கிட்டார் உங்க ஊர்ல, என் பொண்ணு கல்யாணத்துல பாடுது. இதைவிட எனக்கு என்ன பெருமை வேணும்," என்றாள். எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியது ரொதியோன்தான், பிளாஸ்திரி சுற்றிய கைகளால். உடனே கூட்டம், முத்தம்தான் மதுவை இனிக்க வைக்கும் என்ற அந்த ஊர் வழக்கப்படி, "கசக்குது, கசக்குது" என்று கூவ, மணமக்கள் எழுந்து முத்தமிட்டார்கள். ரிம்மா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

காலையில் அவனைத் தேடிப் போனாள். பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"உன் கையில கோளாறு இல்லப்பா. கிட்டார்தான் கோணல். தெரிஞ்சேதான் முத்திரை குத்தினேன்."

அவன் கேனைக் கவிழ்த்து வைத்தான்.

"நேத்து மேடையில சொல்லியிருக்கலாமேம்மா."

"வேற ஒண்ணு பொறுக்கி அனுப்புறேன்," என்றாள்.

"அதுலயும் உங்க முத்திரைதானே இருக்கும்." குரலில் கோபமே இல்லை. "பயப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உங்க பொண்ணு இங்கதானே வாழணும்."

உண்மையைச் சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து போகலாம் என்று வந்தவள், அவன் செய்த தயவைச் சுமந்துகொண்டு ரயிலேறினாள்.

அந்த மாதக் கடைசியில் முத்திரை குத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மேற்பார்வையாளர் சண்டை போடவில்லை. முத்திரையை அடுத்த மேசைக்காரியிடம் கொடுத்துவிட்டு, இவளை அலமாரிப் பிரிவுக்கு அனுப்பினார். கிட்டார்கள் எப்போதும்போல வண்டியேறின.

அடுத்த கோடையில் பேரன் பிறந்தான். ஜகார் அவளை அழைத்துப்போக நிலையத்துக்குப் பால் வண்டியில் வந்தார். ஓட்டியவன் ரொதியோன். மூவரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"இவன் கிட்டாரை விட்டுட்டான், சம்பந்தியம்மா," என்றார் ஜகார். "பொறுமை கிடையாது. அவ்வளவு நல்ல சாமான் பரண்ல கிடக்குது."

"ஆமா, எனக்குக் கை வரல," என்றான் ரொதியோன், சாலையைப் பார்த்தபடி.

ரிம்மா மடியிலிருந்த பையை இறுகப் பிடித்தாள்.

"இல்ல சம்பந்தி. அது கோணல் கிட்டார். நல்லா வாசிக்கத் தெரிஞ்சவன் கையிலயும் அது பாடாது. வெளியே போகக் கூடாதுன்னு தெரிஞ்சே அதை அனுப்பினது நான்தான். இவனுக்குப் போன வருஷமே தெரியும். எனக்காகத்தான் வாயைத் திறக்கல."

ஜகார் சிரிப்பதற்குத் தயாராகி, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். இறங்கியதும் வழக்கம்போல அவள் பையை வாங்கிக்கொள்ளவும் இல்லை, முன்னால் நடந்துவிட்டார்.

ரொதியோன்தான் இறங்கி வந்து பையை எடுத்தான்.

"எதுக்கும்மா இப்ப," என்றான் மெதுவாக.

"விட்டுத் தொலைன்னு சொன்ன உன் அப்பாகிட்டயும் நானே வந்து சொல்றேன்," என்றாள் ரிம்மா. அவன் முகத்தைப் பார்க்க அப்போதும் அவளால் முடியவில்லை.