கதவு திறக்கிற பஸ்

வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு இறக்குமதி வரி எழுபது சதவீதம் ஆகிவிட்டது என்று செய்தி வந்த அன்று, என் வீட்டுக்காரர் திருமுருகன் தெருவில் போனவர் வந்தவருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். தன் காசில் ஒரு டீ குடிக்கவே யோசிக்கிற மனுஷர் அவர். இது எங்கே போய் முடியுமோ என்று அப்போதே நினைத்தேன்.

அவர் சந்தோஷப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டுப் பக்கம் எங்கள் வீடு. பின்னால் ஒரு தகர ஷெட், அதற்குள் பிளாஸ்டிக் பொம்மை வார்க்கிற மெஷின். சீனப் பொம்மை மார்க்கெட்டில் குவிந்து கிடந்த காலத்தில் அந்த மெஷின் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கியது. பக்கத்து ஷெட்டுக்காரரின் மெஷினில் எண்ணெய் பாட்டிலுக்கு மூடி வார்த்துக் கொடுத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார் இவர். வீடு ஓடியது என் கடையால்தான். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூரில் அங்காளம்மன் கோயிலுக்கு வெளியே பொம்மைக் கடை போடுகிறவள் நான். நடுவில் வருகிற மாதா கோயில் தேர், ஊர்த் திருவிழா எதையும் விடுவதில்லை. அந்த நாளில் நான் விற்றதெல்லாம் சீனப் பொம்மை. புருஷனுடைய மெஷினைத் தூங்க வைத்த சரக்கை விற்றுத்தான் புருஷனுக்குச் சோறு போட்டேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. அவருக்குத்தான் அது தொண்டையில் முள்ளாக நின்றது, வாய்விட்டுச் சொன்னதில்லை.

வரி இருபதிலிருந்து அறுபது ஆனபோதே சீனச் சரக்கு விலை ஏற ஆரம்பித்தது. எழுபது ஆனதும் நூறு ரூபாய்க் கார் நூற்றைம்பதைத் தாண்டிப் போனது. விலையைக் கேட்டுவிட்டு, அழுகிற பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிற அம்மாக்கள் அதிகமானார்கள். சீனாக்காரனுக்கு வரி போட்டாயிற்று என்று டிவியில் பேசுகிறார்கள். யார் கொடுக்கிறார்கள் என்று என் கடைக்கு வந்து நின்று பார்த்தால் தெரியும்.

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு நல்ல காரியம் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் பிடிக்கும். தார்ப்பாயை எடுத்தார். அலையாய் அலைந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை வாங்கினார். நம்மூர் டவுன் பஸ்ஸை அப்படியே பொம்மையாக வார்த்தார். முகப்பில் ரோஸ் நிறம், நெற்றியில் ‘செஞ்சி – மேல்மலையனூர்’ என்று ஸ்டிக்கர், பின்னுக்கு இழுத்துவிட்டால் தானே ஓடும். எந்தச் சீனாக்காரனுக்கும் இது தோன்றாது. வந்து இறங்கிய பஸ்ஸையே கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றால் எந்தப் பிள்ளை விடும்? எனக்கு எழுபது ரூபாய்க்குக் கொடுத்தார், நான் நூறுக்கு விற்றேன். ஷெட்டில் நாலு பேருக்கு வேலை கிடைத்தது. புருஷன் பண்ணின பொருளை விற்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது. அந்த வருஷம் நான் கொஞ்சம் திமிராகவே நடந்தேன்.

பஸ்ஸில் ஒரே ஒரு குறை. இப்போது ஓடுகிற புது பஸ்ஸில் கதவு தானாகத் திறந்து மூடுகிறது அல்லவா, பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பொம்மையைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாகப் படிக்கட்டுப் பக்கம் நகத்தைக் கொடுத்து நெம்புவார்கள். எங்கள் பஸ்ஸில் கதவு வெறும் கோடுதான்.

“கதவு தொறக்கற மாரி பண்ணுங்க. எல்லாப் புள்ளைங்களும் அங்கதான் கை வைக்குதுங்க” என்றேன்.

“அதுக்குப் புது மோல்டு வெட்டணும் அம்சா. சும்மா ஆவுமா? அதான் இதுவே ஓடிக்கினு இருக்குதே” என்றார். மோல்டு என்பது பொம்மை வார்க்கிற இரும்பு அச்சு.

அடுத்த மாதமும் சொன்னேன். அதற்கு அடுத்த மாதமும் சொன்னேன். சீனாக்காரன் உள்ளே வர முடியாது என்று தெரிந்த பிறகு அவருக்குக் காது மந்தமாகிவிட்டது.

அப்புறம்தான், இவரிடம் பஸ் வாங்குகிற மெட்ராஸ் மொத்த வியாபாரியிடமிருந்து ஒரு போன் வந்தது. சீனக் கார் நூற்று அறுபதுக்குப் போகும்போது நீ எதற்கு நூறிலேயே நிற்கிறாய், நூற்றைம்பது வைத்தாலும் நீதானே மலிவு என்று அவர் ஓதியிருக்கிறார். அன்று சாயங்காலமே எழுபது ரூபாய் பஸ் நூற்றுப் பத்து ஆகிவிட்டது, கடையில் நூற்றைம்பதுக்கு விற்றால்தான் கட்டும்.

“எனக்குமா?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் ஒரே வெலதான். பொண்டாட்டின்னு பாத்தா கட்டுப்படி ஆவாது.”

“இழுத்துவுட்டா ஓடறதுக்கு உள்ள வைக்கிற மோட்டாரு சீனாவுலேர்ந்து வருது. அதுக்கும் வரி ஏறி ஏழு ரூவா கூடிப்போச்சி. ஒத்துக்கறேன். மீதி எதுக்கு ஏத்தறீங்க?”

“ஏத்த முடியுது, ஏத்தறேன். இத்தினி வருசம் நம்மள அழ வச்சான் இல்ல சீனாக்காரன்? இப்ப நம்ம காலம். அனுபவிக்க வுடு.”

“அழ வச்சது சீனாக்காரன். நீங்க காசு புடுங்கறது செஞ்சிலேர்ந்து புள்ளயத் தூக்கிக்கினு வர்றவகிட்ட.”

“எனுக்குப் பேஜாரு பண்ணாத. ஜல்தி சோத்தப் போடு” என்று பேச்சை முடித்துவிட்டார்.

அங்காளம்மனைப் பார்க்க வருகிற ஜனத்தை அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எலுமிச்சம்பழ மாலை, கற்பூரம், பொங்கல் சாமான் எல்லாம் வாங்கியது போக, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால் மிச்சமாவதும் சேர்ந்து, பிள்ளைக்கென்று முந்தானையில் முடிந்து வைத்திருப்பது ஒரு நூறு ரூபாய் நோட்டு. அந்த நோட்டுக்குள் அடங்கினால் பொம்மை, அடங்காவிட்டால் பலூன்.

அந்த அமாவாசையில் பலூன்காரனுக்கு நல்ல வியாபாரம். என் கடையில் பஸ்ஸெல்லாம் வரிசையாக நின்றது, டிப்போவில் நிற்பது போல. இப்படியே இன்னும் இரண்டு மூன்று அமாவாசை போனால் கடையை ஏறக்கட்ட வேண்டியதுதான் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கோயிலுக்கு வெளியே நல்ல மூலையில் இடம் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு மாதம் போடாவிட்டால் இன்னொருத்தி பாயை விரித்துவிடுவாள்.

அன்றைக்குத்தான் அந்த ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கடைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

“வியாபாரம் ஆவற எடத்துல உக்காந்துக்கினு இன்னா வேடிக்க?” என்றேன்.

“கோச்சுக்காதம்மா. எனுக்கு விழுப்புரம், பேரு துரைக்கண்ணு. பக்கெட்டு, மக்கு வார்க்கறேன். பஸ் பொம்ம நூத்தம்பதுன்னு கேள்விப்பட்டேன். அந்த வெலன்னா நாமளும் பண்ணலாமேன்னு பாக்க வந்தேன்.” பலகையிலிருந்த ஒரு பஸ்ஸை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “புள்ளைங்க இன்னாம்மா கேக்குதுங்க?”

எத்தனையோ மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததை முதன்முதலாக ஒருத்தர் கேட்கிறார். எனக்கு வாய் நிற்குமா? “கதவு” என்றேன்.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் விழுப்புரத்திலிருந்து ஆட்டோவில் இரண்டு அட்டைப்பெட்டி வந்து எங்கள் வாசலில் இறங்கியது. என் வீட்டுக்காரர் ஷெட்டிலிருந்து வந்து, ஒரு பெட்டியைப் பிரித்து, பஸ்ஸை வெளியே எடுத்தார். அதே ரோஸ் முகப்பு. நெற்றியில் ‘விழுப்புரம் – மேல்மலையனூர்’.

“இன்னாது இது?”

“பஸ்.”

“அது தெரியுது. எவன் பண்ணது?”

“விழுப்புரத்துல ஒருத்தரு. எழுவத்தஞ்சுக்குக் குடுக்கறாரு. நூறுக்கு விக்கலாம்.”

“என் வூட்டுக்குள்ள விழுப்புரத்து சரக்கு நொழையக் கூடாது.”

“நொழஞ்சா? எழுவது சதவீதம் வரி போடுவீங்களா?”

அவருக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. “சீனாக்காரன் வந்தா டெல்லில தடுக்கறான். விழுப்புரத்துக்காரன் வந்தா எவன் தடுப்பான்?” என்று நிஜமாகவே என்னைக் கேட்டார். மெட்ராஸ் வியாபாரியும் அந்த வாரம் அவர் போனை எடுக்கவில்லை. ஷெட்டில் நாலு பேர் இரண்டு பேராகிவிட்டார்கள். அந்தக் கலக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, அவர் அடுத்த வார்த்தையைச் சொல்லும்வரை.

“அன்னிக்கி சீனாக்காரன் பொம்மய வித்த. இன்னிக்கி விழுப்புரத்தான் பொம்மய விக்கப் போற. கட்னவன் பண்ண பொம்மய எப்பத்தான் விக்கப் போற?”

ஒரு வருஷம் அவர் பஸ்ஸையே விற்றவள் நான், எனக்குச் சுருக்கென்று தைத்தது. அத்தனை வருஷமும் அவர் விழுங்கி வைத்திருந்தது அன்று வெளியே வந்துவிட்டது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் முந்திக்கொண்டது.

“நாளைக்கி கடைக்கு நீங்களே வாங்க. உங்க பஸ்ஸ நீங்களே வித்துக் காட்டுங்க” என்றேன்.

ரோஷக்காரர், வந்தார். பலகையில் தன் பஸ்ஸை முன் வரிசையில் அடுக்கினார், விழுப்புரத்து பஸ்ஸைப் பின்னால் தள்ளினார்.

உச்சி வெயில் தாழ்ந்ததும் கூட்டம் வந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெண் குழந்தை அம்மாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, என் வீட்டுக்காரரின் பஸ்ஸை எடுத்தது. படிக்கட்டில் நகத்தைக் கொடுத்து நெம்பியது. திருப்பிப் பார்த்தது. மறுபடி நெம்பியது. பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, எட்டிப் பின்னால் இருந்த பஸ்ஸை இழுத்தது. நகம் பட்டதும் கதவு படக்கென்று மடங்கித் திறந்தது. குழந்தை ஒரு விரலை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, கதவை மூடி, அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

“ரெண்டும் இன்னா வெல?” என்றாள் அம்மா.

“இது நூத்தம்பது. அது நூறு” என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் பேரம்கூடப் பேசவில்லை, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அடுத்து வந்த பையனும் முதலில் முன் வரிசை பஸ்ஸைத்தான் எடுத்தான், அதே இடத்தில் நெம்பினான். அதற்கடுத்து வந்த பிள்ளையும் அப்படித்தான். ஒவ்வொரு நகமும் அவர் மேலேயே பட்டது போல அவர் நெளிந்தார். வியாபாரம் எனக்கு, வேதனை அவருக்கு. பொழுது சாய்ந்தபோது முன் வரிசை அப்படியே இருந்தது.

கடைசியாக மிஞ்சிய விழுப்புரத்து பஸ்ஸை அவர் கையில் எடுத்தார். நகத்தால் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“இந்தக் கதவ அவனுக்கு எவன் சொன்னது?”

“நான்தான் சொன்னேன்.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“உங்களுக்குத்தான் மொதல்ல சொன்னேன்” என்றேன்.

சண்டை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. செஞ்சி வழியாகத் திண்டிவனம் வந்து சேரும்வரை அந்தப் பொம்மையை மடியிலேயே வைத்திருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் பிள்ளைக்கா என்று கேட்டதற்கு, எனக்குத்தான் என்றார்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று புது பஸ்ஸின் கதவு எப்படி மடங்குகிறது என்று மணிக்கணக்கில் பார்த்தார். ஏறவும் மாட்டேன் என்கிறார், போகவும் மாட்டேன் என்கிறார் என்று ஒரு கண்டக்டர் விரட்டியிருக்கிறார். புது மோல்டு வெட்டக் கொடுத்தார். முதல் வார்ப்பில் கதவு திறந்தது, மூடவில்லை. அடுத்ததில் கையோடு கழன்று வந்தது. “புள்ள வாயில போட்டுக்கும்” என்று சொல்லி அத்தனையையும் அவரே உடைத்து உருக்கப் போட்டார். முன்கதவு, பின்கதவு இரண்டும் மடங்கித் திறக்கிற பஸ் கார்த்திகை மாதத்தில்தான் ஒழுங்காக வந்தது. “எம்பது” என்றார் என்னிடம். மோட்டார் ஏறியது ஏழு என்றுதானே ஒத்துக்கொண்டேன் என்று கணக்குக் கேட்க வாயெடுத்தேன். ஆனால் கதவைத் திறந்து பார்த்தேன், ஏறக்குறைய அது ஒரு பூ விரிகிற மாதிரி இருந்தது. தொலையட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

கார்த்திகை அமாவாசைக்கு இருவரும்தான் போனோம். நான் அவருடைய பஸ்ஸை மட்டும் பலகையில் வரிசையாக அடுக்கினேன். துரைக்கண்ணுவின் பெட்டியைப் பலகைக்கு அடியில் தள்ளி மேலே சாக்கைப் போட்டு மூடினேன். என் வீட்டுக்காரர் ஆடியில் கேட்ட கேள்வி எனக்குள் இன்னும் ஆறவில்லை. கட்டினவர் பொம்மை ஒரு நாளாவது தனியாக நின்று விற்கட்டுமே என்று இருந்தது.

அவர் பலகையை ஒரு பார்வை பார்த்தார்.

“விழுப்புரத்து பஸ் எங்க?”

“அடியில கீது.”

“எதுக்கு?”

அவரே குனிந்து சாக்கை இழுத்துப் போட்டு, பெட்டியைத் திறந்து, தன் பஸ் ஒன்று, விழுப்புரத்து பஸ் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினார்.

“பாத்துட்டு எடுக்கட்டும்” என்றார்.

முதலில் வந்தது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பொடியன். விழுப்புரத்து பஸ்ஸை எடுத்துக் கதவைத் திறந்தான். எங்கள் பஸ்ஸை எடுத்தான், முன்கதவைத் திறந்தான், பின்கதவையும் திறந்தான். மறுபடி அதை எடுத்தான், மறுபடி இதை எடுத்தான். என் வீட்டுக்காரர் பையனின் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பையன் எங்கள் பஸ்ஸை மார்போடு அணைத்துக்கொண்டான். அம்மா நூறு ரூபாய் நோட்டை நீட்டினாள். இரண்டடி போனவன் நின்று, டிரைவர் பக்கத்துக் கதவில் நகத்தைக் கொடுத்து நெம்பினான்.

“மாமா, இது தொறக்காதா?”

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“அடுத்த அமாவாசைக்கு வாடா, தொறக்கும்” என்றார்.