பதினான்காம் எண் வீட்டு வாக்காளர்

"நீங்க ராஜினாமா பண்ணுங்க தலைவரே."

"பண்ண மாட்டேன். போன தடவையே கடைசின்னு சொல்லிட்டுத்தானே…"

"இந்த வருஷத்துக்குள்ள பண்ணினாத்தான் உண்டு. டிசம்பர் தாண்டிட்டா மிச்சம் ரெண்டு வருஷம்கூட இருக்காது, இடைத்தேர்தல் வைக்க மாட்டாங்க. எவனையாவது நாற்காலியில உக்கார வச்சுட்டுப்…"

"எனக்கே சட்டம் சொல்றியா? நாலு தடவை ராஜினாமா பண்ணினவன் நான்."

"நாலு பண்ணினவருக்கு அஞ்சாவது என்ன கஷ்டம்? கை பழகியிருக்குமே."

பெங்ஹூ தீவுகளின் மேற்குக் கோடியில் இருக்கும் ஷி-வெய் கிராமத்தின் தலைவர் கோ கிம்-சுவானுக்கும், பதினான்காம் எண் வீட்டு பிக்-ஹாவுக்கும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சண்டை நடக்கும். பிக்-ஹாவின் கணவன் சுன்-ஹோக் இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் கடலில் மூழ்கிப் போனவன். தேர்தல் நடக்கிற நாளில் மட்டும் வீட்டுக்கு வருவான். தேர்தல் இல்லாத வருடங்களில் வர வழியில்லை. ஆகவே தலைவர் ராஜினாமா செய்வார், மூன்று மாதத்துக்குள் இடைத்தேர்தல் வரும், சுன்-ஹோக் வருவான். ராஜினாமா செய்தவர் அந்த இடைத்தேர்தலில் நிற்கக் கூடாது என்பதால் நூடுல்ஸ் கடைக்காரர் நிற்பார், மிச்ச நாளை ஓட்டுவார். அடுத்த பொதுத் தேர்தலில் மறுபடி கிம்-சுவான். ஊரில் யாருக்கும் அந்தப் பதவி மேல் ஆசை இல்லை. எனவே ஆட்சேபணையும் இல்லை.

முதல் தடவை அவன் வந்தது தொண்ணூற்று நான்காம் வருடம் டிசம்பரில், மாகாண ஆளுநர் தேர்தலன்று. அக்டோபரில் படகு கவிழ்ந்து ஆறு பேர் போயிருந்தார்கள். ஐந்து வீட்டுக்காரர்கள் ஒரு மாதத்துக்குள் பதிவு அலுவலகம் போய் இறப்பை எழுதிவைத்துவிட்டார்கள். குடும்பப் பதிவேட்டில் ஐந்து பெயர்களும் அடிக்கப்பட்டன. பிக்-ஹா மட்டும் போகவில்லை. உடம்பைக் காட்டுங்கள், எழுதித் தருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டாள். பேர் பதிவேட்டில் இருந்ததால் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் பதினான்காம் எண் வீட்டுக்கு இரண்டு வாக்காளர் சீட்டுகள் வந்தன. இந்த நாட்டில் தபால் ஓட்டு கிடையாது. கௌஷ்யுங்கில் வேலை பார்க்கிறவனும் தாய்பேயில் படிக்கிறவளும் பேர் எங்கே எழுதியிருக்கிறதோ அங்கே வந்துதான் ஆக வேண்டும். அன்றைக்கு வந்த மூன்று படகுகளிலும் நிற்க இடமில்லை. சுன்-ஹோக் காலை எட்டே காலுக்கு, கடலுக்குள் மீன் மடக்கக் கட்டிய பவளக்கல் அணைப் பக்கமிருந்து நடந்து வந்தான். கால்சட்டையை முழங்கால் வரை மடித்திருந்தான், தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாசலில் செருப்பைத் தேடினான், கிடைக்கவில்லை, உள்ளே வந்து, "என் முத்திரையை எங்கே வச்சே?" என்று கேட்டான்.

பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி அதிகாரி அவன் அடையாள அட்டையைப் பார்த்தார், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற பெயர் முத்திரையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். மூன்றும் பொருந்தின. சொட்டச் சொட்ட வருகிறவரைப் பற்றி விதிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. ஒரு சாக்கை விரித்துப் போடச் சொன்னார். சுன்-ஹோக் மறைப்புக்குள் போய் ஓட்டு முத்திரைக் கட்டையால் ஒரு குத்துக் குத்தினான், மை படாமல் இடமும் வலமுமாக மடித்துப் பெட்டியில் போட்டான், வீட்டுக்கு வந்து பூசணிக்காய் போட்ட அரிசி நூடுல்ஸ் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். நான்கு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்த மணி அடித்ததும் எழுந்து போய்விட்டான். ஓட்டு எண்ணிக்கை கேட்க நின்றவர்கள் அவனுக்கு வழிவிட்டார்கள்.

மற்ற ஐந்து வீட்டுக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. படகோட்டியின் மனைவி ஆ-குவான் திங்கட்கிழமையே பதிவு அலுவலகம் போய், என் வீட்டுக்காரர் பேரைத் திருப்பி எழுதுங்கள் என்று கேட்டாள். பேரை அடிக்கப் படிவம் இருந்தது, திருப்பி எழுதப் படிவம் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆ-குவான் பள்ளிக்கூட வாசலில் குடையோடு வந்து நிற்பாள், தன் ஓட்டைப் போட்டுவிட்டும் நிற்பாள். குடை எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

வருடங்கள் போயின. அதிபர் தேர்தல், மாவட்டத் தலைவர் தேர்தல், மன்றத் தேர்தல், பொது வாக்கெடுப்பு, எதையும் பிக்-ஹா விட்டதில்லை. எந்தக் கட்சி, எந்தச் சின்னம் என்று அவளுக்குக் கவலை இல்லை, தேதிதான் வேண்டும். ஒருமுறை அப்போதைய தலைவரைப் பதவியிலிருந்து இறக்கும் ஓட்டெடுப்புக்காக வீடு வீடாகக் கையெழுத்து கேட்டாள். அந்த மனிதர் ஒரு பாவமும் செய்யாதவர். ஊரே சிரித்தது. அவர் மனம் நொந்து அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. அந்த வருடம்தான் கிம்-சுவான் நின்றார்.

ஏன் நின்றார் என்பது ஊருக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் பிக்-ஹா துறைமுகத்தில் கள்ளிப்பழ ஐஸ் விற்றுக்கொண்டிருந்தபோது கிம்-சுவானும் சுன்-ஹோக்கும் ஒரே படகில் வேலை பார்த்தார்கள். இரண்டு பேருமே தினம் ஐஸ் வாங்கினார்கள். சுன்-ஹோக் முதலில் வாயைத் திறந்தான். கிம்-சுவான் கல்யாணத்தில் பட்டாசு கொளுத்தினார், அப்புறம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தலைவரான இரண்டாம் வருடம் அவள் கேட்காமலே முதல் ராஜினாமாவை எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'உடல்நிலை' என்று போட்டார். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பதினான்காம் எண் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து பூசணிக்காய் வாசனை வந்தது. தன் வீட்டு மாடியில் நின்று அதை மோந்தார். அந்த வருடம் அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த வருடம் அது போதாது என்று அவருக்குத் தோன்றியது. வயது அறுபத்திரண்டு ஆகிவிட்டது. அடுத்தவன் வருவதற்காக நாற்காலியைக் காலி செய்துகொண்டே ஒரு ஆயுள் போய்விட்டது. அதைத்தான் அவர் அவளிடம் சொல்ல வாயெடுத்தார். ஆனால் பிக்-ஹா முந்திக்கொண்டாள்.

"அடுத்த தேர்தல் இருபத்திரண்டு கடைசியில. எனக்கு இடது கண்ணு போயிருச்சு. வலது கண்ணும் போய்க்கிட்டிருக்குன்னு மாகோங் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிட்டார். படகுத்துறைப் படியில நான் எப்படி இறங்கறேன்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு வருஷம் கழிச்சு அந்த மனுஷன் வந்து நின்னா யாரு நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கறேன். அப்புறம் உங்களைக் கேக்க மாட்டேன்."

கிம்-சுவான் காரணம் என்ற இடத்தில் மறுபடி 'உடல்நிலை' என்று எழுதினார்.

டிசம்பர் முதல் வாரத்தில், அவர் பதவியில் இருந்த கடைசி நாட்களில், பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. புதிதாக மாற்றலாகி வந்த திருமதி ச்சியு அனுப்பியிருந்தார். கவனமான பெண்மணி. பதினான்காம் எண்ணில் ஒரு வாக்காளருக்குப் பதிவேட்டின்படி அறுபத்திரண்டு வயது, அடையாள அட்டைப் படத்தில் முப்பத்தாறு வயது முகம். தலைமுடி வேறு ஈரமாக இருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்து டிசம்பர் தேர்தலன்று புது அட்டைக்காக நூடுல்ஸ் கடைக்காரர் எடுத்த படம் அது. ஊருக்கு அது பழகிப்போன படம். திருமதி ச்சியுவுக்கு இல்லை. அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை. மேற்படி நபர் அந்த முகவரியில் 'வசிக்கிறார்', 'இருப்பிடம் தெரியவில்லை' என்ற இரண்டில் ஒன்றில் கிராமத் தலைவர் தம் முத்திரையைக் குத்தித் திருப்பித் தரவேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார். இரண்டாவதில் குத்தினால் கோர்ட் அறிவிப்புப் போடும். ஒரு வருடத்துக்குள் யாரும் வந்து ஆஜராகவில்லையென்றால் பேர் அடிக்கப்படும். பேர் போனால் சீட்டு வராது. சீட்டு வராவிட்டால் அவன் வர மாட்டான். பிக்-ஹா விதவை என்று காகிதத்தில் வரும். விதவையிடம் ஒருவன் போய்க் கேட்கலாம்.

கிம்-சுவான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பதவிக்காலம் முடிந்த அன்றைக்கும் அது பையில்தான் இருந்தது. திருமதி ச்சியு தொலைபேசியில் கேட்டார்: பதவியிலிருந்தபோது வந்த காகிதம், நீங்களே குத்தித் தரலாம், தேர்தல் நாளன்றும் அட்டை தொலைத்தவர்களுக்காக அலுவலகம் திறந்திருக்கும், அதற்குள் கொண்டுவந்தால் போதும். சரி என்றார். சட்டை மாற்றும்போதெல்லாம் காகிதமும் சட்டை மாறியது.

ஜனவரிச் சனிக்கிழமை வடகிழக்குக் காற்று ஆளைத் தள்ளியது. படகுகள் ஓடவில்லை. வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் வர முடியவில்லை. சுன்-ஹோக் எட்டேகாலுக்கு வந்தான். கிம்-சுவான் பள்ளிக்கூட வராண்டாவில் ஓட்டுப் போடும் வரிசையில் நின்றிருந்தார். பிக்-ஹாவும் சுன்-ஹோக்கும் அவருக்கு ஏழு ஆள் முன்னால் நின்றார்கள். பிக்-ஹா அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தை வைத்து, வலது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். காது, மூக்கு, புருவத்துத் தழும்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாருக்குப் போடப்போகிறாய் என்று அவன் கேட்டான் போலிருக்கிறது. நூடுல்ஸ் கடைக்காரனுக்கு மட்டும் போடாதே, உப்புப் போடத் தெரியாதவன் என்று அவள் சொன்னாள். வேறு யாரும் நிற்கவே இல்லையே என்று அவன் சொன்னான். அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கிம்-சுவான் போன ஜனவரிக்குப் பிறகு கேட்கவில்லை. அதற்கு முன்னால் கேட்ட நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எல்லாமே சனிக்கிழமைகள். இருபத்தாறு வருடங்களில் பதினெட்டுச் சனிக்கிழமைகள், அதில் நான்கு அவர் கொடுத்தவை, இது ஐந்தாவது.

தன் ஓட்டைப் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகம் போனார். காற்றில் இரண்டு தடவை வண்டி சாய்ந்தது. திருமதி ச்சியு சிவப்பு மைப் பெட்டியைத் திறந்து நீட்டினார். கிம்-சுவான் 'வசிக்கிறார்' என்ற கட்டத்தில் முத்திரையைக் குத்தினார். சரியாகப் பதியவில்லை என்று அந்தப் பெண்மணி சொன்னதால், அதன் பக்கத்திலேயே இன்னொரு தடவை அழுத்திக் குத்தினார். குறிப்பு ஏதாவது எழுதவேண்டுமா என்று திருமதி ச்சியு கேட்டார். 'வேலை கடலில்' என்று எழுதச் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார். அந்தப் பேர் இன்றைக்கும் பதிவேட்டில் இருக்கிறது.

நான்கு மணிக்கு மணி அடித்தபோது கிம்-சுவான் படகுத்துறைச் சுவரின் காற்று மறைவில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு ஓட்டுச் சீட்டாகத் தூக்கிக் காட்டி எண்ண ஆரம்பித்திருந்தார்கள்; ஒரே பேரை ராகம் போட்டுத் திரும்பத் திரும்பச் சொல்வது இங்கே வரை கேட்டது. பிக்-ஹா எப்போதும் எண்ணிக்கை முடியும் வரை அங்கேயே நிற்பாள், அடுத்த தடவை வரும்போது யார் ஜெயித்தது என்று அவன் கேட்பானாம். அதனால் சுன்-ஹோக் தனியாகத்தான் கடலுக்குப் போவான். இருபத்தாறு வருடங்களில் அவன் வழியில் யாரோடும் நின்று பேசியதில்லை. அன்றைக்குச் சுவர் ஓரம் நின்றான்.

"கிம்-சுவான்தானே? தலை பூரா நரைச்சுப்போச்சேடா."

"வயசாயிருச்சு," என்றார் கிம்-சுவான்.

சுன்-ஹோக் பக்கத்தில் உட்கார்ந்தான். கால்சட்டையை மறுபடி முழங்கால் வரை மடித்துக்கொண்டான். பழைய படகின் எஞ்சின் என்ன ஆயிற்று என்று கேட்டான். விற்றாகிவிட்டது என்றதும் தலையாட்டினான். கணவாய் இந்த வருடம் மெலிவு என்றான், அது கீழேயிருந்து பார்த்தவன் சொல்கிற மாதிரி இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர்களைத் தூரத்திலிருந்து பார்த்த ஆ-குவான், அப்பனும் மகனும் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பேர் சொல்லும் குரல் நின்றது. சுன்-ஹோக் எழுந்து இரண்டு படி இறங்கினான், தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, அப்புறம் திரும்பிப் பார்த்தான்.

"கண்ணு டாக்டர்கிட்டே போகும்போதெல்லாம் இந்தப் படியில யாரோ அவ கையைப் புடிச்சு இறக்கி விடறாங்களாம். எத்தனை தடவை கேட்டும் பேரைச் சொல்ல மாட்டேங்கறா. யாருடா அது?"