எழுதும் பெட்டியின் நிறம்

சிவப்பைத் தெரிவு செய்தது நான்தான். யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த எங்கள் ஆட்களின் காணிகளைப் பதிய எங்கள் சங்கம் ஓர் இணையப் படிவம் கேட்டது, செய்து கொடுத்தேன். எழுதும் பெட்டியைத் தொட்டால் ஓரம் மெல்லிய நீலமாகும். இப்போது நாங்கள் இருக்கும் மாம்புரியின் வெயிலில் போனைப் பிடித்தால் அந்த நீலம் கண்ணுக்கே தெரியவில்லை. தடித்த சிவப்பாக மாற்றினேன். நிரலில் ஒரு வரி வேலை. நல்ல எடுப்பாக இருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பதிவு நேற்றோடு முடிந்தது. இன்று பட்டியலைப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஜெய்னம்பு மாமியின் பெயர் இல்லை. தன் பதினாறு வயதில் விட்டுவந்த வாப்பாவின் வளவைப் பற்றி நாளுக்கு நாலு தரம் கதைக்கிற மனுசி. சங்கத் தலைவர் முஸம்மிலிடம் கெஞ்சினேன். பட்டியல் கொழும்புக்குப் போய்விட்டது, இனி ஒரு பெயரும் சேர்க்க ஏலாது என்று கையை விரித்துவிட்டார். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுக்கு ஓடினேன்.

மாமி முற்றத்தில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமி நீங்க பதியல்ல?" கோபமாகத்தான் கேட்டேன்.

"பதியத்தான் பார்த்தேன் மகள். முதல் பெட்டியில கைய வச்ச உடனே செவந்து போச்சு. ஊர்ப் பேர எழுதினேன், செவப்புத்தான். அழிச்சிட்டு வாப்பாட பேர எழுதினேன், அதுக்கும் செவப்பு. எங்கள வேணாமெண்டுதாக்கும் எண்டு போன வச்சிட்டேன்."

"எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"வெக்கமா இருந்திச்சு. எத்தின கந்தோர்ல, எத்தின அதிகாரிமாரிட்ட இல்லயெண்டு கேட்டாச்சு."

"இங்க எழுதுங்க எண்டுதான் மாமி அந்தச் செவப்பு. உங்கள ஒருத்தரும் வேணாமெண்டு சொல்லல்ல. நான் வச்ச நிறம் அது. என்ட பிழை."

அவர் முன்னாலேயே அந்த வரியைப் பச்சையாக்கினேன். பதிவு முடிந்தாலும் படிவத்தை இணையத்திலிருந்து இன்னும் எடுக்கவில்லை. மாமியின் போனில் திறந்து, "தொட்டுப் பாருங்க" என்றேன்.

மாமி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அலுமாரியிலிருந்து காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து வந்தார். ஒற்றை விரலால் முதல் பெட்டியைத் தொட்டார். ஓரம் பச்சையாகியது. ஊர்ப் பெயரை எழுதினார். அப்படியொரு சிரிப்பை அந்த முகத்தில் நான் கண்டதில்லை. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி என்று எழுதிக்கொண்டே போனார்.

அனுப்பும் பொத்தானுக்கு விரல் போனபோதுதான் கையைப் பிடித்தேன்.

"மாமி, நேத்தோட முடிஞ்சிச்சு. இது போய்ச் சேராது."

மாமி கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்னையே பார்த்தார்.

"அப்ப என்னத்துக்கு மகள் இதப் பச்சையாக்கின நீ?"