இரண்டு கோடு போட்ட கைப்பட்டை

"டாக்டர் இன்னைக்கு நெட்டி எடுக்கறப்ப சத்தமே கேக்கலையே. வேலை நடந்துச்சா இல்லையா?" முதுகு வைத்தியசாலையில் திரைக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"சத்தம் வந்தாதான் வைத்தியமா? அது அவரு வேலை, இது என் வேலை" என்றாள் பயிற்சி சொல்லித்தரும் ஓக்.

இன்சோ தரையில் மல்லாந்து கிடந்தபடி, ஒரு பக்கத்துக் கையையும் மறுபக்கத்துக் காலையும் மெல்ல நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். அப்பா திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"மல்லாக்க விழுந்து புரளத் தெரியாத கரப்பான் மாதிரி இருக்கடி."

"போங்கப்பா!"

கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக நாள் முழுக்க உட்கார்ந்தே படித்ததில் அவளுடைய இடுப்பு போயிருந்தது. வகுப்பின் கடைசியில், தூங்கி விழுபவர்களுக்கென்று போட்டிருக்கும் உயர மேசையில் நின்றபடிதான் இப்போதெல்லாம் படிப்பாள். ஓக் அவளை எழுப்பி நிறுத்தினாள். "முதுகை வளைக்காத. இடுப்புல மடங்கு. எழும்போது தொடை தூக்கட்டும். முதுகுக்கு அங்க வேலையே இல்லை."

வெளியே வந்ததும் அப்பா குனிந்து அவளுடைய ஷூ லேஸைக் கட்டிவிட்டார். மாணவர்கள் காசு கட்டி உட்கார்ந்து படிக்கும் படிப்பறையின் வாசலில் அவளை இறக்கிவிட்டு, மாலை ஷிப்டுக்குப் பேருந்து ஓட்டப் போனார். அன்று பணிமனையிலேயே அவருடைய இதயம் நின்றுபோயிற்று.

மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கும் இரங்கல் கூடத்தில் அப்பாவின் படத்தைச் சுற்றி வெள்ளைச் சாமந்தி அடுக்கினார்கள். அம்மா இன்சோவின் ஆறாம் வயதிலேயே பிரிந்து போனவள். அப்பாவுக்கு வேறு பிள்ளை இல்லை. ஆனாலும் பெரியப்பா தன் மகன் கீசோக்கின் கையில்தான் இரண்டு கோடு போட்ட பட்டையைக் கட்டினார். அதைக் கட்டியவர்தான் மூன்று நாளும் முன்னால் நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் மண்டியிட்டு, தரையில் நெற்றி படக் குனிந்து எழ வேண்டும்.

"அது என்னோடது பெரியப்பா."

"ஷூ லேஸ் கட்டவே உங்கப்பன்தானே குனிஞ்சான்? உள்ள போய்ப் படு. இடுப்பு மொத்தமா போச்சுன்னா பரீட்சையை யார் எழுதறது?"

"பரீட்சை அடுத்த வருஷமும் வரும். இது வருமா?"

பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. ஒரு தடவை குனிஞ்சு எந்திரி. பாக்கறேன்."

இன்சோ படத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் உடைந்துவிடுவாள். வயிற்றை இறுக்கினாள். ஒரு முழங்கால், பிறகு மற்றது. இடுப்பில் மடங்கி நெற்றியைத் தரையில் வைத்தாள். எழும்போது பாதியில் இடுப்பைக் கத்திபோல் ஏதோ கிழித்தது. அங்கேயே நின்றாள். யாரோ தூக்க வந்தார்கள். "தொடாதீங்க" என்றாள். காலை ஊன்றி, தொடை நடுங்க நடுங்க நிமிர்ந்தாள்.

கீசோக் பட்டையைக் கழற்றினான். "பிடிம்மா. நான் குனிஞ்சா நெத்திக்கு முன்னால தொப்பைதான் தரையைத் தொடுது."

மறுநாள் ஓக் வந்தாள். படத்துக்கு இரண்டு முறை குனிந்தாள், பிறகு இன்சோவுக்கு ஒரு முறை. இருவர் நெற்றியும் தரையைத் தொட்டு எழுந்தன. "நீங்களாச்சும் சொல்லுங்கம்மா, போதும்னு" என்று பெரியப்பா ஓக்கின் கையைப் பிடித்தார்.

"குனியறதால கெட்டுடாதுங்க. மரம் மாதிரி அசையாம நிக்கறதுதான் ஆகாது." ஓக் இன்சோவின் பக்கம் திரும்பினாள். "எழும்போது மூச்சைப் பிடிக்கற. விட்டுக்கிட்டே எழு. ஆள் இல்லாத நேரம் நட."

மலர் வளையங்களுக்கு நடுவே இன்சோ நடந்தாள். இடது கால் வழியே மின்சாரம் பாய்வதுபோல் வலி இறங்கியது. நின்று, அது அடங்கியதும் மறுபடி நடந்தாள்.

மாலையில் பணிமனை ஓட்டுநர்கள் திரளாக வந்தார்கள். இன்சோவின் இடுப்பு விஷயம் யார் மூலமோ அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூத்தவர் வாசலிலேயே எல்லோரையும் வரிசைப்படுத்தினார். "எல்லாரும் சேந்தாப்ல குனிஞ்சிடலாம்ப்பா. பாப்பாவுக்கு ஒரே தடவையோட போகும்."

"வேண்டாம் மாமா" என்றாள் இன்சோ. "உங்க ஒவ்வொருத்தர் கதையும் அப்பா சாப்பாட்டு மேசையில சொல்லுவாரு. ஒவ்வொருத்தரா வாங்க."

"இடுப்பும்மா..."

"வாங்க மாமா."

அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் முழங்காலிட்டாள், மடங்கினாள், மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தாள். சுவரோரம் நின்ற பெரியப்பா, அவள் எழும் ஒவ்வொரு முறையும் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கடைசி ஆள், துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காரச் சூப் பரிமாறும் பந்திக்குப் போன பிறகுதான் அவள் சுவரைப் பிடித்தாள்.

எரியூட்டி முடிந்து சாம்பலைக் கொண்டுபோனபோது, கலசங்களை வரிசை வரிசையாக வைக்கும் அஸ்தி மண்டபத்தில் கண் மட்டத்தில் ஓர் அடுக்கு வேண்டும் என்று பெரியப்பா கேட்டுப் பார்த்தார். காலியில்லை. தரையை ஒட்டிய கீழ் வரிசையில்தான் இடம் கிடைத்தது.

ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்பா இன்னும் அதே கீழ் வரிசையில்தான் இருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டுமென்றால் குனிந்துதான் ஆக வேண்டும்.