ஒன்பது ஜாக்கெட்

ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர் அறைக்கு அவள்தான் பொறுப்பு. பத்தொன்பது வருஷமாக மைனஸ் பதினெட்டில் நின்று பெட்டி அடுக்குகிறாள், லாரிக்கு ஏற்றி அனுப்புகிறாள். எல்லோருக்கும் அவள் ஃப்ரீசர் அக்கா. அந்த வருஷம் ஒரு பெட்டிகூட உருகாமல் போய்ச் சேர்ந்ததற்காக, கிளையிலிருந்து ஏழு பேரைக் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பியது. எங்கே என்று பார்த்தால் பனிமலைக்கு, பனிச்சறுக்கு விளையாட.

“நல்லா யோசிச்சிருக்காங்க போ,” என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

முதல் நாள் மரியாதைக்காகப் போனாள். சறுக்கியது கொஞ்சம், விழுந்தது நிறைய. காலில் மாட்டிய பூட்ஸ் ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். நாலு வயசுப் பொடிசுகள் இரண்டு பக்கமும் சர்ரென்று பறக்க, இவள் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குத் திரும்பினால் அங்கேயும் எதுவும் சரிப்படவில்லை. ஜன்னல் திறக்காது. ஃபேன் கிடையாது, ஃபேன் சத்தம் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. குளியலறையில் வாளி இல்லை. டீ கேட்டால் வெதுவெதுவென்று தண்ணீரும் நூல் கட்டின ஒரு பொட்டலமும் வந்தது. எல்லாவற்றையும்விட அவள் ஏங்கிப்போனது ஒரு சுவருக்கு. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் கம்பெனியின் பின்பக்கச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பாள். பகல் பூராவும் வெயில் குடித்த சுவர். பத்து நிமிஷத்தில் எலும்புக்குள் ஏறின குளிர் கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கும். இங்கே எந்தச் சுவரைத் தொட்டாலும் ஜில்லென்றிருந்தது.

மறுநாள் காலை எல்லோரும் கிளம்ப, அவள் ஹோட்டல் வரவேற்பறை சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜர் வந்தார். “என்னம்மா, பஸ் நிக்குது. உடம்பு சரியில்லையா?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு சார். நான் வரலை. குளிர் எனக்கு வேலை. லீவு விட்டா யாராவது வேலைக்குப் போவாங்களா?”

“எல்லாரும் சேர்ந்து போனாத்தானேம்மா டீம்?”

“பரிசுன்னு சொன்னீங்க. பரிசுன்னா நான் இங்கயே இருந்துக்கறேன். டியூட்டின்னா சொல்லுங்க, ஓவர்டைம் எழுதிக்கறேன்.”

பின்னால் நின்ற சேல்ஸ்காரர் களுக்கென்று சிரித்தார். மேனேஜர் போய் பஸ் ஏறினார்.

தனியாக உட்கார்ந்தபோதுதான் மடியில் கிடந்த ஜாக்கெட்டை உற்றுப் பார்த்தாள். சறுக்குச் சாமான் கடையில் வாடகைக்குக் கொடுத்தது. தாடை வரை ஏறும் ஜிப், மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும் பட்டை. நேற்று அத்தனை நேரம் பனியில் புரண்டும் இடுப்புதான் வலித்ததே ஒழிய, துளி குளிர் உள்ளே வரவில்லை.

குளிர் அறையில் அவர்கள் ஒன்பது பேர். ஜாக்கெட் நாலு. அதிலும் இரண்டுக்கு ஜிப் போய், ஊக்குக் குத்தி ஓட்டுகிறார்கள். ஒருத்தர் வெளியே வந்து கழற்றிக் கொடுத்தால்தான் அடுத்தவர் அந்த வேர்வை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு உள்ளே போகலாம். லாரி அவசரப்படுத்தினால் ஜாக்கெட் இல்லாமலே உள்ளே ஓடுவதும் உண்டு. புதுசு வேண்டுமென்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். பார்க்கலாம் என்றார்கள், பார்க்கவே இல்லை. இங்கே ஒரு மணி நேரம் விளையாட வருகிற குழந்தைக்குக்கூட அதன் அளவுக்கு ஒன்று கொடுக்கிறார்கள்.

அவளுக்கு வயிறு எரிந்தது. அன்று முழுக்க எரிந்தது.

கடைசி நாள், மலை பின்னால் தெரிகிற மாதிரி நிறுத்தி ஒவ்வொருவரையும் வீடியோ எடுத்தார்கள். முதலாளிக்கு நன்றி சொல்ல வேண்டும். சேல்ஸ்காரர் போனைப் பிடித்தார். இவள் முறை வந்தது.

“வணக்கம் முதலாளி. இந்த ஜாக்கெட் ரொம்ப நல்லா இருக்கு. நாங்க ஒன்பது பேர், எங்ககிட்ட நாலுதான் இருக்கு, ரெண்டு ஊக்குல தொங்குது. விளையாடுறதுக்கு இவ்வளவு கதகதப்பா போட்டு விட்டீங்க. வேலை செய்யறதுக்கும் போட்டு விடுங்க. ஒன்பது.”

“நிறுத்துப்பா!” என்றார் மேனேஜர். “அம்மா, மலையைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

“மலை வெள்ளையா இருக்கு. ஜாக்கெட் ஒன்பது வேணும்.”

மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் மலைக்கு ஒரு வரி, மீதியெல்லாம் ஜாக்கெட். முதலாளிக்குப் போன வீடியோவில் அவள் இல்லை. ஆனால் சேல்ஸ்காரர் அதற்குள் அவள் பேசியதை அப்படியே ஊழியர் குரூப்பில் போட்டுவிட்டார். விமானம் இறங்குவதற்குள் மற்றக் கிளைகளின் குளிர் அறைக்காரர்கள் “எங்களுக்கும்” என்று எழுதித் தள்ளியிருந்தார்கள். மேனேஜர் வழி நெடுக அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் போய்ச் சமாதானம் செய்யவில்லை.

ஒரு மாதம் கழித்து ஸ்டோர்காரர் மூட்டையோடு வந்து கையெழுத்துக் கேட்டார். பிரித்தால் ஆறு.

“இப்போதைக்கு இதை வாங்கிக்கங்கக்கா. மீதி பின்னாடி வருமாம்.”

“மீதி வரும்போது இதையும் சேர்த்துக் கொண்டாங்க.”

“வந்ததையாவது வாங்கலாமேக்கா,” என்று கூட வேலை செய்கிறவள் காதைக் கடித்தாள்.

“ஆறை வாங்கிட்டா மூணுக்கு யாருடி மெனக்கெடுவா?”

அந்த வாரம் ஒரு நேரத்தில் நாலு ஜாக்கெட்டில் நாலு பேர்தான் உள்ளே போனார்கள். எவ்வளவு அவசரமென்றாலும் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் அவள் விடவில்லை. லாரிகள் வரிசையாக நின்றன. மேனேஜர் மாடியிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் ஒன்பதும் வந்தன. அவள் உடனே பேனாவைத் தொடவில்லை. ஆளாளுக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லி, ஒன்பது ஜிப்பையும் தன் கையால் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.