கிருஷ்ணவேணி ஓட்டிய பன்னிரண்டு மைல்

1938ஆம் வருஷம், தை அறுப்பு முடிந்த கையோடு அரங்கநாதனுக்குக் கடலோரத்தில் ஒரு மனை வாங்கும் எண்ணம் வந்தது. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் அவருக்கு நஞ்சையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் மேட்டு நிலமும் இருந்தன. சென்னையில் யாரோ வக்கீல் கடலைப் பார்த்த மாதிரி வீடு கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர், அதே வக்கீலிடமிருந்து ஒரு பழைய திறந்த காரையும் வாங்கி வந்திருந்தார். காரை ஓட்ட மாசிலாமணி இருந்தான். திண்டிவனத்துக்கு வெளியே ஒரு சேரியில், கூலி வேலை செய்யும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். சென்னையில் லாரி கிளீனராக இருந்து தொழில் கற்றவன். வயது இருபத்தாறு.

மனை பார்க்கும் பயணத்துக்குத் தன் மனைவி கிருஷ்ணவேணியையும் அரங்கநாதன் அழைத்துக்கொண்டார். பிள்ளைகள் இரண்டையும் திண்டிவனத்தில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, விடியற்காலையில் மூவரும் மரக்காணம் புறப்பட்டார்கள். அங்கே உப்பளங்களைத் தாண்டிக் கடலைப் பார்த்தார்கள். காற்று பலமாக இருக்கிறது என்றார் அரங்கநாதன். அனுமந்தையில் மணல் அழுக்கு என்றார். கூனிமேட்டில் கரை நன்றாக இருந்தது, ஆனால் தென்னை இல்லை. கிருஷ்ணவேணிக்கு எல்லா இடமும் பிடித்திருந்தது. அவளை யாரும் கேட்கவில்லை.

கூனிமேட்டுக்குத் தெற்கே பாதை பனந்தோப்புக்குள் நுழைந்து பொதபொதவென்ற மணலாகிவிட்டது. அலை நனைத்துப் போகும் ஈர மணல்தான் கெட்டியாக இருக்கும் என்று எதிரே வந்த மீன்காரர்கள் சொன்னார்கள். மாசிலாமணி காரை நீரோரமாக இறக்கினான். சிமெண்டுத் தரையில் போவது போல வண்டி போயிற்று. அரை மைல் போனதும் அரங்கநாதன் நிறுத்தச் சொன்னார். மேட்டில் நாலைந்து தென்னைகளோடு ஒரு நிலம் தெரிந்தது. இறங்கிப் போய் நீளத்தையும் அகலத்தையும் காலால் அளக்க ஆரம்பித்தார். அளந்து முடிக்க அரை மணிக்கு மேல் ஆயிற்று.

திரும்பி வந்தபோது பின் சக்கரங்கள் மணலில் பாதி புதைந்திருந்தன. அலை டயரை நக்கிக்கொண்டிருந்தது.

"இன்னாடா, பாத்துக்கினு சும்மா நின்ன?"

"ரெண்டு தபா கூப்ட்டேனுங்க ஐயா. காத்துல உங்களுக்குக் கேக்கல."

முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் அந்த வண்டி கிளம்பும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை போய்விடும் என்பதால் கட்டை விரலை மற்ற விரல்களுக்கு எதிர்ப்பக்கமாக மடக்கிப் பிடிக்கக் கூடாது. கிளீனராக இருந்த நாளிலிருந்து மாசிலாமணிக்கு இது தெரியும். அன்று தண்ணீர் ஏறுகிற பதற்றத்தில் மறந்து மடக்கிப் பிடித்துவிட்டான். மூன்றாவது சுற்றில் ஹேண்டில் திருப்பி அடித்தது. அவன் கத்தவில்லை. வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தான். மணிக்கட்டு பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

கிருஷ்ணவேணி தன் சேலை முந்தானையைக் கிழித்துக் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். அரங்கநாதன் பக்கத்திலிருந்த மீன்காரர் குப்பத்துக்கு ஓடி ஆள் கூட்டி வந்தார். பெரியதம்பி என்ற மீன்காரரும் இன்னும் எட்டுப் பேரும் வந்தார்கள். பனை மட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து வண்டியைத் தூக்கிக் கெட்டி மணலுக்குத் தள்ளினார்கள்.

"யாரு ஓட்டறது?" என்று கேட்டார் பெரியதம்பி.

யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் புதுச்சேரிதான் போக வேண்டும். பன்னிரண்டு மைல்.

"மாட்டு வண்டி கெடைக்குமா?" என்றார் அரங்கநாதன்.

"கூனிமேட்டுக்குப் போய்க் கட்டிக்கினு வரணும். அதுக்குள்ள இந்த எடமெல்லாம் தண்ணி ஏறிப்புடும். உங்க காரு நாளைக்கி வலையில வந்தா எடுத்துத் தர்றோம்."

கிருஷ்ணவேணி மாசிலாமணியிடம் திரும்பினாள். "நீ சொல்லச் சொல்ல நான் ஓட்டினா ஓடுமா?"

"ஓடும்மா," என்றான் அவன். முகம் வெளுத்திருந்தது. "அவசரப்படாம ஓட்டினா ஓடும்."

"வேணி, உனக்கு இன்னா பைத்தியமா?" என்றார் அரங்கநாதன். "ஊர்ல கேட்டா இன்னா சொல்லுவாங்க?"

"காரு கடலோட போச்சுன்னாலும்தான் சொல்லுவாங்க. அவன் கையைப் பாருங்க. ஜல்தி ஏறுங்க."

மாசிலாமணி பின் கதவுப் பக்கம் போனான். "நான் பின்னாடி குந்திக்கிறேம்மா."

"பின்னால இருந்து சொன்னா காத்துல எனக்கு எப்பிடிக் கேக்கும்? முன்னால வா."

அவன் அரங்கநாதனைப் பார்த்தான். அரங்கநாதன் மனைவியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு பின் சீட்டில் ஏறிக்கொண்டார். மாசிலாமணி முன்னால் ஏறி, கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்தான்.

பெரியதம்பிக்கு ஹேண்டில் பிடிக்கும் விதத்தை மாசிலாமணி இரண்டு முறை சொல்லிக் கொடுத்தான். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. கிளட்ச் இடது காலுக்கு, மெதுவாக விட வேண்டும் என்றான். அவள் சட்டென்று விட்டாள். கார் துள்ளி நின்றுபோயிற்று. மீன்காரர்கள் சிரித்தார்கள். நாலாவது தடவை வண்டி நகர்ந்தது.

சின்ன வயதில் அப்பாவின் மாட்டு வண்டியை அவள் ஓட்டியிருக்கிறாள். அதில் மாட்டுக்கும் வழி தெரியும். இதற்குத் தெரியாது என்பது கொஞ்ச தூரத்திலேயே புரிந்துவிட்டது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பொதமணல், நடுவே பத்தடி அகல ஈரத் தரை. அவள் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். ஓங்கி வந்த அலை ஒன்று முட்டி வரை நனைத்தது. அரங்கநாதன் பின்னாலிருந்து பெருமாளைக் கூப்பிட்டார்.

காலாப்பட்டு பிரெஞ்சுக்காரர் எல்லை. அங்கே கரையை விட்டு மேலே பாதைக்கு ஏறியதும் சாவடியில் சிவப்புத் தொப்பிச் சிப்பாய் கையைக் காட்டி மறித்தான்.

"கிளட்சை அமுக்கிக்கினே இருங்கம்மா, உட்டா நின்னுபூடும்," என்றான் மாசிலாமணி. அவள் இரண்டு காலாலும் எதை எதையோ அழுத்தினாள். கார் நின்றது, எஞ்சின் நிற்கவில்லை.

சிப்பாய் ஸ்டியரிங்கைப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். "ஓட்டறது யாரு?"

அரங்கநாதன் பின் சீட்டிலிருந்து எழுந்து நின்றார். "என் சம்சாரம். அது எங்க டிரைவரு, கை ஒடிஞ்சிபோச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். வழி உடு."

சிப்பாய் பாதையை மறித்திருந்த தடுப்புக் கழியைத் தூக்கி வழி விட்டான்.

பொம்மையார்பாளையத்தில் பாதையை அடைத்துக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். திருப்ப இடமில்லாமல் அதன் மேலேயே ஏறிப் போனாள். பெண்கள் கூடையோடு ஓடி வந்து திட்டினார்கள். "தெரியாம ஏத்திட்டோம்மா, மன்னிச்சிக்கோங்க!" என்று அரங்கநாதன் பின்பக்கம் திரும்பிக் கத்திக்கொண்டே வந்தார். கோட்டக்குப்பத்தில் கடைத்தெருவே எழுந்து நின்று பார்த்தது. மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். "தூங்கிடாதடா, அடுத்த கியர் எப்பிடி?" என்று அவள் அதட்ட அதட்ட, வழி சொல்லிக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் ஒரு குலுக்கலோடு நின்றது. ஆட்கள் வந்து மாசிலாமணியை உள்ளே கூட்டிப்போனார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் அவளுக்கு விரியவில்லை. அரங்கநாதன் இறங்கி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.

"பயமா இருந்துச்சா?"

"பயப்பட நேரமே இல்ல. இப்பத்தான் வருது," என்று சொல்லி அழுதாள்.

மறுநாள் புதுச்சேரியிலேயே ஒரு டிரைவரைப் பிடித்து, பெரிய ரோட்டு வழியாகத் திண்டிவனம் திரும்பினார்கள். வழியில் அரங்கநாதன், "வீட்ல யாருக்கும் சொல்லிக்க வேணாம்," என்றார். அவள் சரி என்றாள். அவரே ஒரு வாரத்துக்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அவர் சொன்ன கதையில் சாவடிச் சிப்பாய்கள் மூன்று பேர்.

மாசிலாமணியின் கை கூடிற்று, கொஞ்சம் கோணலாக. கட்டுப் பிரித்ததும் வேலைக்கு வந்தான். அரங்கநாதன் மனை வாங்கவில்லை. ஆனால் மாசி மாதத்தில் ஒரு முறை மூவரும் மரக்காணம் போவது வழக்கமாயிற்று. அங்கே அரங்கநாதன் இறங்கிக் கரையோரமாக நடப்பார். கிருஷ்ணவேணி ஈர மணலில் ஒரு மைல் காரை ஓட்டிப் போய்த் திரும்புவாள். மாசிலாமணி பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

உலக யுத்தம் வந்து பெட்ரோலுக்குச் சீட்டு முறை வந்த பிறகு காரை விற்றுவிடுவது என்றாயிற்று. மாசிலாமணிக்கு மரக்காணம் பஸ்ஸில் வேலை கிடைத்தது. காரை வாங்கியவர் விழுப்புரத்திலிருந்து வண்டி ஓட்டத் தன் ஆளோடு வந்தார். ஆள் கொட்டகைக்குப் போவதற்குள் கிருஷ்ணவேணி தானே ஹேண்டிலைச் சுற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, காரைத் தெரு வரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"ரெண்டாவது கியர் கொஞ்சம் கடிக்கும்," என்று அந்த ஆளிடம் சொல்லிவிட்டு இறங்கி உள்ளே போனாள்.